நாலரை நாளில் ஒரு கப்பல் கட்டினார்களா? லிபர்ட்டி கப்பல்களும் அவற்றின் பெயர்களும்

கேட்கப்பட்டது இரண்டு விஷயம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா ஒரு பெரிய சரக்குக் கப்பலை நாலரை நாளில் கட்டி முடித்ததாகச் சொல்கிறார்களே, அது நிஜமா? அப்படி ஆயிரக்கணக்கில் கட்டிய ‘லிபர்ட்டி’ வகைக் கப்பல்களுக்கு யார், எதை வைத்துப் பெயர் சூட்டினார்கள்?

முதல் கேள்விக்கு நேரான பதில்: நிஜம்தான். கலிபோர்னியாவின் ரிச்மண்ட் நகரில் 1942 நவம்பர் 8 நள்ளிரவு தாண்டியதும் ராபர்ட் ஈ. பியரி என்ற கப்பலின் கீல், அதாவது அடியில் நீளவாக்கில் ஓடும் முதல் பகுதி, கப்பல் கட்டும் தளத்தில் வைக்கப்பட்டது. 4 நாள் 15 மணி 29 நிமிடம் கழித்து அந்தக் கப்பல் தண்ணீரில் இறங்கியது. உள்வேலைகளை முடித்து நவம்பர் 15-ல் ஒப்படைத்தும் விட்டார்கள். ஆனால் இந்தச் சாதனையை மட்டும் பிடித்துக்கொண்டு பேசினால் உண்மையான விஷயம் கைநழுவிப் போகும் என்பது என் கருத்து. பியரிக்காகப் பாகங்களை முன்கூட்டியே செய்து, பெரிய பெரிய துண்டுகளாக இணைத்து, கிரேன் தூக்கும் தூரத்தில் அடுக்கி வைத்துவிட்டுத்தான் கடிகாரத்தை ஓடவிட்டார்கள். ஒரேகான் மாநிலத் தளம் ஒன்று அதற்கு இரண்டு மாதம் முன்பு ஜோசப் என். டீல் என்ற கப்பலைப் பத்தே நாளில் இறக்கியிருந்தது. அதற்குப் போட்டியாக ரிச்மண்ட் தொழிலாளர்கள் எடுத்த முயற்சி இது, செய்தித்தாள்களுக்கும் மக்களின் உற்சாகத்துக்கும் பயன்பட்டது. நான் பெரிதாக நினைப்பது வேறு ஒரு எண்ணை. முதல் லிபர்ட்டி கப்பலைக் கட்டி முடிக்க எட்டு மாதம் பிடித்தது. பிற்பாடு சராசரி 42 நாளுக்கு வந்தது. 1943-ல் நாடு முழுக்க எல்லாத் தளங்களையும் சேர்த்தால் நாளுக்கு மூன்று கப்பல் வீதம் வெளியே வந்துகொண்டிருந்தன. ஒரு நாள் வேடிக்கை காட்டுவதற்கும் வருஷம் முழுக்க அந்த வேகத்தில் ஓடுவதற்கும் உள்ள தூரம் பெரிது.

இது ஏன் தேவைப்பட்டது என்பதை 1940-லிருந்து பார்க்க வேண்டும். பிரிட்டன் சாப்பாடு, எண்ணெய், தளவாடம் எல்லாவற்றுக்கும் அட்லாண்டிக் கடலைத்தான் நம்பியிருந்தது, ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடிக்கிற வேகத்துக்கு பிரிட்டிஷ் தளங்களால் புதிதாகக் கட்ட முடியவில்லை. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் சண்டர்லாந்து நகரத்தைச் சேர்ந்த சிரில் தாம்சன் என்ற கப்பல் கட்டுநர் ஒரு குழுவோடு அமெரிக்கா போனார். அவர் குடும்ப நிறுவனமான ஜே.எல். தாம்சன் அண்ட் சன்ஸ் வைத்திருந்த எளிமையான, மெதுவான, ஆனால் நிறையச் சரக்கு ஏற்றக்கூடிய ஒரு கப்பலின் வடிவமைப்பைக் காட்டி 60 கப்பல் கட்டித்தரக் கேட்டார். பேச்சுவார்த்தை நடுவில் அவர் ஊர் திரும்பிய வெஸ்டர்ன் பிரின்ஸ் கப்பலே டிசம்பர் 14 அன்று டார்பீடோ தாக்கி மூழ்கியது, தாம்சன் உயிர்காப்புப் படகில் தப்பினார். கப்பல் ஏன் அவசரம் என்பதை அவருக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த 60 கப்பல்களைக் கட்ட இரண்டு புதுத் தளங்கள் எழுந்தன, ஒன்று ரிச்மண்டில், இன்னொன்று வடகிழக்கே மெய்ன் மாநிலத்தின் சவுத் போர்ட்லாந்தில். அவற்றுக்கு ஓஷன் என்று தொடங்கும் பெயர்கள், முதல் கப்பல் ஓஷன் வான்கார்டு. அதே வடிவமைப்பை அமெரிக்காவின் கடல்வணிக ஆணையம் எடுத்து, கிப்ஸ் அண்ட் காக்ஸ் என்ற வடிவமைப்பு நிறுவனத்தை வைத்துத் தன் தேவைக்கு மாற்றிக்கொண்டது. நிலக்கரிக்குப் பதில் எண்ணெய், பிரிந்து கிடந்த மேல்கட்டுமானத்துக்குப் பதில் நடுவில் ஒரே கட்டடம், முடிந்த இடத்திலெல்லாம் தகடுகளை இணைக்க ரிவெட் என்ற ஆணிக்குப் பதில் வெல்டிங். இதுதான் லிபர்ட்டி. நீளம் 441 அடி 6 அங்குலம், ஐந்து சரக்கு அறைகள், 9,000 டன்னுக்கு மேல் சரக்கு, வேகம் 11 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். 2,840 ஜீப்புகள் அல்லது 440 டாங்கிகள் ஒரே கப்பலில் அடங்கும் என்று கணக்குச் சொன்னார்கள். 1941-லிருந்து 1945 வரை 18 தளங்களில் மொத்தம் 2,710 கப்பல்கள்.

எஞ்சினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். 2,500 குதிரைத்திறன் உள்ள, மூன்று சிலிண்டர்களில் படிப்படியாக விரிவடையும் பழைய நீராவி எஞ்சின், அந்தக் காலத்திலேயே ஐம்பது அறுபது வருஷப் பழசு. வேகமான டர்பைன்களைக் கடற்படை தன் போர்க்கப்பல்களுக்காக எடுத்துக்கொண்டுவிட்டது, அவற்றின் பற்சக்கரங்களை வெட்டும் தொழிற்சாலைகளும் குறைவு. இந்தப் பழைய எஞ்சினையோ கனரக இயந்திரம் செய்யத் தெரிந்த எந்தத் தொழிற்சாலையும் செய்யலாம், கொஞ்சநாள் பயிற்சி பெற்ற ஆளும் அதை ஓட்டலாம், நடுக்கடலில் பழுதானால் கப்பலிலேயே சரிசெய்யலாம். கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரில் சுரங்க இயந்திரம் செய்துகொண்டிருந்த ஜோஷுவா ஹெண்டி என்ற பட்டறை மட்டும் 754 எஞ்சின்கள் செய்துகொடுத்தது. இதைப் பிற்போக்கு என்று எப்படிச் சொல்ல முடியும்? கையில் இருக்கிற ஆளையும் இயந்திரத்தையும் பார்த்து எடுத்த சரியான முடிவு.

சரி, கட்டுமான முறைக்கு வருவோம். பழைய முறையில் ஒரு கப்பல் தளத்தில் உட்கார்ந்தபடியே கீழிருந்து மேலாக, சட்டம் சட்டமாக, தகடு தகடாக வளரும். ஒவ்வொரு ரிவெட்டையும் அடிக்க ஒரு குழு வேண்டும்: ஒருவர் ஆணியைப் பழுக்கக் காய்ச்ச, ஒருவர் வாங்கி ஓட்டையில் வைக்க, ஒருவர் மறுபக்கம் தாங்கிப் பிடிக்க, ஒருவர் அடிக்க. இந்தத் தொழிலைக் கற்க வருஷக்கணக்கில் ஆகும். அந்த ஆட்களும் அமெரிக்காவில் போதிய அளவு இல்லை. ஹென்ரி கைசர் இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறார். ஹூவர் அணை, கிராண்ட் கூலி அணை போன்ற வேலைகளில் பேர் வாங்கிய கட்டட ஒப்பந்தக்காரர், கப்பல் கட்டிய அனுபவமே கிடையாது. அவரும் மற்றத் தளங்களும் செய்தது, கப்பலைத் தளத்துக்கு வெளியே கட்டுவது. அடிப்பகுதியின் இரட்டைத் தரை, குறுக்குச் சுவர்கள், பக்கவாட்டுத் தகடுகள், மேல்கட்டடம் எல்லாம் பக்கத்துக் கொட்டகைகளில் தனித்தனியாக உருவாகும், முடிந்ததும் கிரேன் அவற்றைத் தூக்கி வந்து தளத்தில் வைக்கும், அங்கே சேர்த்து வெல்டிங் செய்வது மட்டும்தான் மிச்சம். தளம் காலியாவதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை, ஒரு கப்பல் இறங்கிய கையோடு அடுத்ததன் கீல் வைக்கப்படும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம், மேல்கட்டடத்தைத் தலைகீழாகக் கட்டியது. வெல்டிங்கில் கஷ்டமானது தலைக்கு மேலே பார்த்துச் செய்வது, உருகிய உலோகம் கீழே சொட்டும், கை சலிக்கும், புதியவரால் செய்யவே முடியாது. குனிந்து தரையைப் பார்த்துச் செய்வது சுலபம், சில வாரப் பயிற்சி போதும். அதனால் பகுதிகளைக் கவிழ்த்துப் போட்டுக் குனிந்தபடியே வெல்டிங் செய்து, பிறகு கிரேனால் நிமிர்த்தினார்கள். இப்படி வேலையை ஆளுக்கு ஏற்றபடி திருப்பி வைத்ததால்தான் அதுவரை கப்பலையே பார்த்திராத விவசாயிகளும் கடைச் சிப்பந்திகளும் வீட்டிலிருந்த பெண்களும் கப்பல் கட்ட முடிந்தது. உச்சகாலத்தில் ரிச்மண்ட் தளங்களில் நாலில் ஒருவருக்கு மேல் பெண்கள். ஊரின் மக்கள்தொகை 24,000-லிருந்து லட்சத்தைத் தாண்டியது. இத்தனை பேருக்கும் மருத்துவம் பார்க்க கைசர் அமைத்த ஏற்பாடுதான் போருக்குப் பிறகு கைசர் பெர்மனென்ட்டே என்ற பெரிய மருத்துவ அமைப்பாக வளர்ந்து இன்றும் நடக்கிறது.

வேகத்துக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது, அதை மறைக்கக் கூடாது. குளிர்ந்த கடலில் சில கப்பல்களின் உடலில் திடீரென்று விரிசல் ஓடியது, சில இரண்டாகவே பிளந்தன. ஜான் பி. கெயின்ஸ் என்ற லிபர்ட்டி 1943 நவம்பரில் அப்படி உடைந்து பத்துப் பேர் இறந்தார்கள். எல்லோரும் வெல்டிங்கையும் அனுபவமில்லாத தொழிலாளர்களையும்தான் குற்றம் சொன்னார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கான்ஸ்டன்ஸ் டிப்பர் ஆராய்ந்து காட்டியது வேறு. அந்த எஃகு ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனதும் வளையும் தன்மையை இழந்து நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடுகிறது. ரிவெட் அடித்த கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். வெல்டிங் செய்த கப்பலில் தகடுகள் எல்லாம் ஒன்றாகிவிடுவதால் நிற்க இடமில்லாமல் ஓடிக்கொண்டே போகும். பல விரிசல்கள் தொடங்கியது சரக்கு அறை வாய்களின் சதுர மூலைகளில். அந்த மூலைகளை வளைவாக்கினார்கள், விரிசலைத் தடுக்க ரிவெட் அடித்த பட்டைகள் சேர்த்தார்கள். தொழிலாளிகளின் தலையில் போடப்பட்ட பழியை ஒரு விஞ்ஞானி நியாயமாக இறக்கி வைத்தார் என்பதாலேயே இந்தக் கதையை யாராவது கேட்டால் நான் விடாமல் சொல்வேன்.

இனி பெயர்கள். என்னைக் கேட்டால் கப்பல்களை விடச் சுவாரசியமான பகுதி இது.

முதல் கப்பலின் பெயர் பேட்ரிக் ஹென்ரி. 1941 செப்டம்பர் 27 அன்று பால்டிமோரில் தண்ணீரில் இறங்கியது. அன்று ஒரே நாளில் நாடு முழுக்க 14 கப்பல்கள் இறக்கப்பட்டன, அந்த நாளுக்கே லிபர்ட்டி கப்பல்படை நாள் என்று பெயர். அமெரிக்கா அப்போது இன்னும் போரில் இறங்கவில்லை. இந்தக் கப்பல்களுக்குப் பத்திரிகைகளில் ‘அசிங்கமான வாத்துக்குஞ்சு’ என்ற பட்டம் ஏற்கனவே விழுந்திருந்தது, ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே பார்க்க நன்றாயில்லை என்று சொல்லியிருந்தார். மக்களிடம் மரியாதை வர வேண்டும் என்பதற்காக, “சுதந்திரத்தைக் கொடு, இல்லையேல் மரணத்தைக் கொடு” என்று 1775-ல் முழங்கிய பேட்ரிக் ஹென்ரியின் பெயரை முதலில் வைத்தார்கள், ரூஸ்வெல்ட் தன் பேச்சில் அந்த வரியைச் சொல்லி இந்தக் கப்பல்கள் ஐரோப்பாவுக்குச் சுதந்திரம் கொண்டு செல்லும் என்றார். லிபர்ட்டி என்ற பெயர் மொத்த வகைக்கும் அப்படி ஒட்டிக்கொண்டது.

விதி எளிது: அமெரிக்க வாழ்வில் ஏதோ ஒரு வகையில் பங்களித்த, இறந்துபோன ஒருவரின் பெயர். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஆரம்பித்தார்கள். அந்தப் பட்டியல் எவ்வளவு நாள் தாங்கும்? கையெழுத்திட்டவர்களே 56 பேர்தான், கப்பல்களோ ஆயிரக்கணக்கில் வருகின்றன. ஆகவே கவர்னர்கள், விஞ்ஞானிகள், ஆசிரியர்கள், கவிஞர்கள், ஓவியர்கள், தொழிற்சங்கத் தலைவர்கள், பத்திரிகையாசிரியர்கள் என்று விரிந்துகொண்டே போனது. 20 லட்சம் டாலருக்குப் போர்க்கடன் பத்திரம் திரட்டும் எந்தக் குழுவும் ஒரு பெயரை முன்மொழியலாம் என்றும் ஏற்பாடு இருந்தது. ஒரு கப்பலின் விலையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 4-எச் என்ற கிராமப்புறச் சிறுவர் அமைப்பின் கிளைகள் பல இப்படிப் பத்திரம் விற்றுத் தங்கள் மாநிலத்துக்காரர் ஒருவரின் பெயரைக் கப்பலில் ஏற்றின. நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்களுக்குப் பெண்களின் பெயர். தேசத் தலைவர்களின் பெயர்களுக்குப் பக்கத்தில், ஒரு ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியாத பள்ளி ஆசிரியையின் பெயரும் அதே எழுத்தளவில் கப்பலின் முகப்பில் ஏறியது. போர் அவசரத்தில் நடந்தது என்றாலும், ஒரு நாடு தன் இறந்தவர்களை இவ்வளவு அகலமாக நினைத்துப் பார்த்தது வேறெப்போதும் நடந்ததில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த அகலம் தானாக வரவில்லை, போராடி வந்தது. கறுப்பின அமெரிக்கர்களின் பெயரும் வேண்டும் என்று அழுத்தம் வந்த பிறகு, 1942 செப்டம்பர் 29 அன்று லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகப் பகுதியில் புக்கர் டி. வாஷிங்டன் என்ற கப்பலுக்குப் பாடகி மரியன் ஆண்டர்சன் பாட்டில் உடைத்துப் பெயர் சூட்டினார். அதன் கேப்டன் ஹியூ முல்சாக், கரீபியனின் யூனியன் தீவில் பிறந்தவர். கேப்டனுக்கான உரிமத்தை 1918-லேயே பெற்றவர், ஆனால் நிறத்தைக் காரணம் காட்டி எந்த நிறுவனமும் கப்பலைக் கொடுக்காததால் இருபது வருஷத்துக்கு மேல் சமையல்கட்டு வேலைகளிலேயே கடலில் கழித்தவர். கறுப்பர்கள் மட்டும் உள்ள கப்பல் என்றால் வேண்டாம், எல்லா இனத்தவரும் கலந்த குழு இருந்தால்தான் ஏற்பேன் என்று பிடிவாதமாக நின்று அப்படியே வாங்கினார். அந்தக் கப்பல் 22 பயணங்கள் போய் வந்தது. பிறகு ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், ஃபிரெடெரிக் டக்ளஸ், ஹாரியட் டப்மன் என்று பெயர்கள் தொடர்ந்தன, மொத்தம் 17 கப்பல்கள். 2,710-ல் 17 என்பது குறைவு, மிகவும் குறைவு. இருந்தாலும் அடிமையாகப் பிறந்து தப்பி ஓடிப் பிறரையும் மீட்ட ஹாரியட் டப்மன் பெயரில் 1944-ல் ஒரு கப்பல் கடலுக்குப் போனது சின்ன விஷயம் இல்லை.

அப்புறம் பட்டியலில் இன்னொரு வகைப் பெயர்கள் சேர ஆரம்பித்தன, இந்தக் கப்பல்களிலேயே வேலைபார்த்து இறந்தவர்களின் பெயர்கள். ஸ்டீபன் ஹாப்கின்ஸ் என்ற லிபர்ட்டி 1942 செப்டம்பர் 27 அன்று, பேட்ரிக் ஹென்ரி இறங்கிச் சரியாக ஓராண்டு ஆன நாளில், தென் அட்லாண்டிக்கில் ஸ்டியர் என்ற ஜெர்மன் தாக்குக் கப்பலிடம் மாட்டியது. எதிரியிடம் ஆறு பெரிய பீரங்கிகள், ஹாப்கின்ஸின் பின்புறத்தில் இருந்ததோ ஒரே ஒரு நான்கு அங்குலப் பீரங்கி. சரணடையாமல் சுட்டார்கள். பீரங்கிக்காரர்கள் எல்லோரும் விழுந்த பிறகு எட்வின் ஓஹாரா என்ற பயிற்சி மாணவர் மிச்சமிருந்த ஐந்து குண்டுகளையும் தனியாளாகச் சுட்டுவிட்டு இறந்தார். ஹாப்கின்ஸ் மூழ்கியது, ஸ்டியரும் மூழ்கியது. உயிர்காப்புப் படகில் 31 நாள் மிதந்து 15 பேர் பிரேசில் கரையை அடைந்தார்கள். கேப்டன் பால் பக், மாணவர் ஓஹாரா இருவர் பெயரிலும் பின்னால் புதிய லிபர்ட்டி கப்பல்கள் வந்தன.

இறந்தவர்களுக்கு மட்டும் என்ற விதி ஒரே ஒரு முறை தவறியது, அதுவும் நம் பக்கத்துக் கடலில் நடந்த கொடுமையால். ஜீன் நிக்கலெட் என்ற லிபர்ட்டி கலிபோர்னியாவிலிருந்து ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேண்டில் வழியாகக் கொழும்புக்கும் கல்கத்தாவுக்கும் வந்துகொண்டிருந்தது. 1944 ஜூலை 2 அன்று இந்தியப் பெருங்கடலில் ஐ-8 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி அதை டார்பீடோவால் அடித்தது. கப்பலில் ஏறத்தாழ நூறு பேர், எல்லோரும் உயிரோடு படகுகளில் இறங்கிவிட்டார்கள். நீர்மூழ்கி மேலே வந்து அவர்களில் பெரும்பாலோரைத் தன் தளத்தில் ஏற்றியது, கைகளைக் கட்டி, வரிசையாக நின்ற மாலுமிகளுக்கு நடுவே ஓடவிட்டு அடித்தும் குத்தியும் கடலில் தள்ளினார்கள். விமானம் வருவது தெரிந்ததும், கை கட்டப்பட்ட மிச்சப் பேரைத் தளத்தில் அப்படியே விட்டுவிட்டு நீர்மூழ்கி கடலுக்குள் அமிழ்ந்தது. இரண்டு நாள் கழித்து ராயல் இந்தியக் கடற்படையின் ஹோக்ஸா என்ற கப்பல் வந்து 23 பேரை மீட்டது. நீர்மூழ்கி உள்ளே கொண்டுபோன சிலரில் ஒருவர் பிரான்சிஸ் ஓகாரா. அவர் இறந்துவிட்டதாகவே கணக்கில் எழுதி, விதிப்படி ஒரு புதிய கப்பலுக்குப் பிரான்சிஸ் ஜே. ஓகாரா என்று பெயரிட்டார்கள். போர் முடிந்து ஜப்பானில் கைதி முகாம்களைத் திறந்தபோது மனிதர் உயிரோடு இருந்தார். தன் பெயர் தாங்கிய லிபர்ட்டி கப்பலைத் தானே பார்க்கக் கிடைத்தவர் அவர் ஒருவர்தான்.

மனிதர் பெயரே இல்லாத விதிவிலக்குகளும் உண்டு. நியூயார்க்கில் படைவீரர்களை உபசரித்த விடுதியின் பெயரில் ஸ்டேஜ் டோர் கேண்டீன் என்றொரு கப்பல் இருந்தது. பிரிட்டனுக்குக் கடனாகக் கொடுத்த லிபர்ட்டிகளில் பெரும்பாலானவை சாம் என்று தொடங்கும், சாம்டாம்பா, சமர்கண்ட் மாதிரி. அதே சண்டர்லாந்து வடிவமைப்பில் கனடா கட்டிய கப்பல்களுக்குக் கோட்டைகளின் பெயர், பூங்காக்களின் பெயர். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா துறையில் வெடிமருந்தும் பஞ்சு மூட்டைகளும் ஏற்றி நின்றபோது தீப்பிடித்து வெடித்து நூற்றுக்கணக்கானோரைக் கொன்ற ஃபோர்ட் ஸ்டிக்கின் இந்த வகையைச் சேர்ந்ததுதான். அதை லிபர்ட்டி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே வடிவமைப்பிலிருந்து பிறந்த வேறு வகை என்பதே சரி. அந்தப் பெயர் அலாஸ்காவில் ஹட்சன் பே கம்பெனி வைத்திருந்த ஒரு பழைய வணிகக் கோட்டையுடையது.

போர் முடிந்ததும் கப்பல்கள் விலைக்குப் போயின. போரில் தங்கள் கப்பல்களை இழந்திருந்த கிரேக்க முதலாளிகள் மட்டும் 1946-47-ல் நூறு வாங்கினார்கள், கிரேக்கக் கப்பல் தொழில் மறுபடி எழுந்து நின்றது அதிலிருந்துதான், அங்கே இன்னும் அவற்றை ‘ஆசி பெற்றவை’ என்கிறார்கள். கை மாறியதும் பழைய பெயர்கள் போய்விட்டன. ஆர்தர் எம். ஹடல் என்ற தொழிற்சங்கத் தலைவரின் பெயரில் ஓடிய கப்பல் இப்போது பிரேயஸ் துறைமுகத்தில் ஹெல்லாஸ் லிபர்ட்டி என்ற பெயரில் அருங்காட்சியகமாக நிற்கிறது. பழைய பெயரோடேயே பார்க்க வேண்டுமானால் சான் பிரான்சிஸ்கோவில் ஜெரமையா ஓபிரையன் இருக்கிறது, நார்மண்டிப் படையிறக்கத்தின் ஐம்பதாவது ஆண்டான 1994-ல் தன் எஞ்சினாலேயே அங்கே போய்த் திரும்பிய கப்பல். பால்டிமோரில் ஜான் டபிள்யூ. பிரவுன் இருக்கிறது, இவரும் தொழிற்சங்கக்காரர்தான். இன்னும் ஆழமாகத் தேட நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை: ஒரே கப்பல் நாலைந்து பெயர்களில் ஓடியிருக்கும் என்பதால் பெயரை வைத்துத் தேடாதீர்கள், கடல்வணிக ஆணையம் கட்டும்போது கொடுத்த உடல் எண்ணைப் பிடித்துக்கொண்டு தேடினால் கப்பல் எங்கே பிறந்து எங்கே உடைக்கப்பட்டது என்பது வரை குழப்பமில்லாமல் போய்ச் சேரலாம்.